‘சும்மா’ இருக்கும் கைகள்

காஞ்சி மாநகரைப் பெரிய காஞ்சிபுரம் என்றும் சின்ன காஞ்சிபுரம் என்றும் இரு கூறாகப் பகுத்து வழங்குவர். வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த பகுதி சின்ன காஞ்சிபுரம். கோபுரம் காண வருவோரும் பட்டு வாங்க வருவோருமாக அங்கே கூட்டம் ஓய்வதில்லை. ஆனால் இவ்விரு திறத்தாரும் எட்டிப் பாராத தெருக்களும் அவ்வூரில் உண்டு. அத்தெருக்களில் நடந்து சென்றால் உள்ளிருந்து தறியின் ஓசை கேட்கும்; திண்ணையிலிருந்து ராட்டையின் ஓசை கேட்கும். தறியில் இருப்பவர் யார் என்று கேட்டால், ‘நெசவாளர்’ என்று உடனே விடை வரும். ராட்டையைச் சுழற்றும் பெண்ணிடம், ‘தாயே, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தொழிலா? நான் வீட்டில் சும்மாத்தான் இருக்கிறேன்’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அவ்விடையைச் சொல்லும் நேரத்திலும் அவர் கை நிற்பதில்லை.

‘சும்மா’ என்னும் இச்சொல்லைக் குறித்துச் சிறிது சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெண்ணுரிமை பற்றி உலக மன்றங்கள் அரை நூற்றாண்டாகப் பேசி வருகின்றன. தீர்மானங்கள் பல நிறைவேறியுள்ளன. திட்டங்கள் பல தீட்டப் பெற்றுள்ளன. நமது இலக்கியமும் திரைப்படமும் நெசவாளர் துயரைப் பலமுறை பாடியிருக்கின்றன. ஆயினும் ராட்டை சுற்றும் அக்கைகள் எந்த ஏட்டில், எந்தக் கதையில், எந்தக் கணக்கில் இடம் பெற்றன? இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு சில படைப்புகளையும் சில ஆவணங்களையும் மதிப்பிட முற்படுகிறேன்.

முதலில் தொழிலின் இயல்பை அறிந்து கொள்ளுதல் நலம். கருநாடகத்திலிருந்து வரும் பட்டும், சூரத்திலிருந்து வரும் சரிகையும் காஞ்சியில் சேலையாகின்றன. பட்டு இழையை முறுக்கேற்றி, அவித்துப் பிசின் போக்கி, சாயம் தோய்த்த பின்னர், பாவுக்கு உரியது பாவாகவும் ஊடைக்கு உரியது ஊடையாகவும் பிரிக்கப்படும். பாவைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி போடுவது விடியற்காலை வேலை. வீட்டார் அனைவரும் கூடினால்தான் அது முடியும். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் முனையை இழை இழையாகப் புணைக்க வேண்டும். ஊடைக்குரிய நூலைத் தாரில் சுற்றித் தர வேண்டும். இவ்வளவும் ஆன பின்னரே நாடா ஓடத் தொடங்கும்.

அப்போதும் ஒரு கை போதாது. காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலின் ஊடை கரைக்குள் புகாது. கரையின் ஊடை உடலுக்குள் புகாது. இரண்டும் எல்லையில் ஒன்றையொன்று கவ்விக் கொள்ளும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. தறிக்காரர் இரண்டைக் கவனிக்க, ஒரு பக்கக் கரைக்குரிய நாடாவை எறிய இன்னொருவர் அருகில் அமர்ந்தாக வேண்டும். முன்னாளில் அவ்விடத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ அமர்ந்திருப்பது வழக்கம்; இல்லையேல் மனைவி அமர்வார். ஆக, கோர்வைச் சேலை ஒவ்வொன்றும் குறைந்தது இருவர் நெய்த சேலையாகும். கூலியோ தறிக்காரர் பெயரில், சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வருகிறது. அருகில் அமர்ந்த கைக்கும், தார் சுற்றிய கைக்கும், பாவு புணைத்த கைக்கும் உரிய பங்கு அத்தொகைக்குள் கரைந்து விடுகிறது; தனியே எழுதப்படுவதில்லை.

இத்தொழிலைக் கதைப் பொருளாகக் கொண்ட சிறந்த திரைப்படம் ஒன்று உண்டு. பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சீவரம்’ 2008ஆம் ஆண்டு டொரான்டோ திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, மறு ஆண்டில் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. 2007ஆம் ஆண்டுக்குரிய சிறந்த திரைப்படம் என்னும் தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதில் நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். விருதுகளுக்குத் தகுதியான படம் என்பதில் ஐயமில்லை.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். வேங்கடம் என்னும் நெசவாளி தன் மகள் தாமரை குழந்தையாக இருக்கும்போதே, அவளுக்குப் பட்டுடுத்தி மணம் முடிப்பேன் என்று ஊரறிய வாக்களிக்கிறான். வாழ்நாள் முழுதும் பட்டு நெய்தாலும் பட்டுடுத்த வழியில்லாத ஏழ்மை அவனுடையது. வாக்கைக் காக்க, வேலை செய்யுமிடத்திலிருந்து பட்டு இழைகளை வாயில் ஒளித்து நாள்தோறும் கொண்டு வந்து, மறைவில் ஒரு சேலையை நெய்யத் தொடங்குகிறான். இடையே பொதுவுடைமைக் கருத்து அவனை ஈர்க்கிறது. நெசவாளர் போராட்டத்துக்குத் தலைவனாகிறான். மகளின் திருமணம் நெருங்கியதும், சேலை முடிய வேண்டுமே என்னும் தவிப்பில் அப்போராட்டத்தையே விட்டுக் கொடுக்கிறான். முடிவில் களவும் வெளிப்பட்டுச் சிறை புகுகிறான். மனைவி அன்னம் முன்னரே இறந்து விட்டாள். விபத்தில் முடங்கிப் போன மகளைப் பார்த்துக் கொள்ள ஆளில்லை. இரண்டு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தவன், அவளுக்குத் தன் கையாலேயே நஞ்சு கொடுக்கிறான். முற்றுப் பெறாத அப்பட்டுத் துண்டைக் கொண்டு அவள் உடலை மூட முயல்கிறான்; முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. கல் நெஞ்சையும் கரைக்கும் காட்சி அது.

கண்ணீரைத் துடைத்துக் கொண்ட பின் எழும் வினாக்களே திறனாய்வுக்கு உரியவை. இக்கதையில் பட்டு என்பது தந்தையின் வாக்கு, தந்தையின் களவு, தந்தையின் தண்டனை. மகள் எங்கே நிற்கிறாள்? அவள் பட்டைப் பெற வேண்டியவள். அன்னமோ பட்டைப் பெறாமலே போனவள். இவ்விருவரின் உழைப்பு கதையை ஓர் அடியும் நகர்த்துவதில்லை. மறைவில் தனியனாக அமர்ந்து ஒருவன் நெய்யும் காட்சி கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் காஞ்சியின் நெசவு தனியன் தொழிலாக என்றும் இருந்ததில்லை. கோர்வை இல்லாத சேலையை ஒருவரே நெய்யலாம் என்று சிலர் கூறக்கூடும். அதற்கும் தாரைச் சுற்றித் தர ஒரு கை வேண்டும். அக்கை படத்தின் கருத்தில் இடம் பெறவில்லை. தாமரைக்குத் தறி தெரியுமா? தனக்குரிய சேலையைத் தானே நெய்து கொள்ளும் திறம் அவளுக்கு இருந்திருக்கக் கூடாதா? தனக்குப் பட்டு வேண்டுமா, வேறு ஏதேனும் வேண்டுமா என்று அவளை எவரேனும் கேட்டதுண்டா? அவளுடைய உயிரைப் பற்றிய முடிவைக் கூடத் தந்தையே எடுக்கிறான். அவனுடைய அன்பின் உச்சமாக நாமும் அதனை ஏற்றுக் கொண்டு அழுகிறோம். வறுமையின் கொடுமையைப் படம் உணர்த்தி விட்டது. வறுமைக்குள்ளும் பெண்ணுக்கு வாய்த்த தனிக் கொடுமையை, அதாவது அவளுடைய விருப்பமும் உழைப்பும் எவர் எண்ணத்திலும் இராத நிலையை, படம் உணரவில்லை. இது இயக்குநர் ஒருவரின் குறையென்று நான் கொள்ளவில்லை. நாம் அனைவரும் உலகைப் பார்க்கும் பார்வை இதுதான்.

இதற்கு முன்னரும் இப்படியே நடந்திருக்கிறது. கைத்தறி நெசவாளர் நூலின்றியும் விற்பனையின்றியும் வாடிய 1953ஆம் ஆண்டை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவும் அவர் இயக்கத்தாரும் கைத்தறித் துணிகளைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற ஆண்டு அது. தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நெசவாளரின் பசியை அரசியலாகவும் இலக்கியமாகவும் ஆக்கிய அம்முயற்சிகள் போற்றத்தக்கவை. ஆனால் ‘நெசவாளர்’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அன்றும் ஓர் ஆடவனின் உருவமே மக்கள் மனக்கண்முன் நின்றது; இன்றும் அதுவே நிற்கிறது.

கணக்கெடுப்பு வேறு கதை சொல்லுகிறது. 2019–20ஆம் ஆண்டில் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 35 லட்சத்து 22 ஆயிரம் பேர் கைத்தறியிலும் அதன் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 72 பேர், பெண்கள். இவ்வெண்ணிக்கையில் வடகிழக்கு மாநிலங்களின் பங்கு மிகப் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே தறியில் அமர்பவரே பெண்தான். எனினும் நாடளவில் பார்த்தால், நெசவாளர் என்றவுடன் பெண்ணின் உருவமே நம் மனத்தில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாதது ஏன்?

இவ்வினாவுக்கு விடை தேட நம் அண்டை மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் நரசாப்பூர் என்றோர் ஊர். ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடி ஊசியால் பின்னல் வேலை செய்து வந்தனர்; அப்பின்னல்கள் கடல் கடந்து அயல்நாடுகளில் விற்பனையாயின. மரியா மீஸ் என்னும் செருமானியச் சமூகவியலறிஞர் அவர்களிடையே ஆய்வு செய்து 1982ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்களை ஊரார் ‘வீட்டில் அமர்ந்திருக்கும் பெண்கள்’ என்றே குறிப்பிட்டனர் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். அவர்கள் செய்தது ஓய்வு நேரப் பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. அவ்வாறு கருதப்பட்டதனாலேயே கூலியைக் குறைக்கவும் இயன்றது. அவர்கள் உழைப்பைக் கொண்டு வாணிபம் செய்த ஆடவர் செல்வராயினர். நம் சின்ன காஞ்சிபுரத்துத் திண்ணையில் கேட்ட ‘சும்மா’வுக்கும், நரசாப்பூரின் ‘அமர்ந்திருத்தலு’க்கும் வேறுபாடு யாது? பேராசிரியர் அமர்த்தியா சென் 1990ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வாய்வைச் சான்று காட்டி ஒரு கருத்தை நிறுவினார். குடும்பத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, அவர் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார் என்பதைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. எவ்வளவு உழைப்பதாகப் பிறரும் அவரும் கருதுகின்றனர் என்பதையும் பொறுத்து அமைகிறது என்பதே அக்கருத்து. ஆகவே ‘சும்மா’ என்பது வெறும் பணிவுச் சொல்லாக நின்று விடுவதில்லை. சோற்றுப் பங்கையும் சொத்துப் பங்கையும் குறைக்கும் வலிமை அச்சொல்லுக்கு உண்டு.

உலக மன்றங்கள் இதனை எப்போது கண்டுகொண்டன? தென்மார்க்கு நாட்டுப் பொருளியலறிஞர் எஸ்தர் போசரப் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வளர்ச்சித் திட்டங்கள் பெண்களின் உழைப்பைக் காணாமலே தீட்டப்படுகின்றன என்று சுட்டிக் காட்டினார். 1974ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களின் நிலை குறித்த குழு தன் அறிக்கையை அளித்தது. விடுதலைக்குப் பின்னரும் பெண்ணின் நிலை உயரவில்லை என்னும் கசப்பான உண்மையை அது நாட்டுக்கு உணர்த்தியது. 1975 உலகப் பெண்கள் ஆண்டாக அறிவிக்கப் பெற்று மெக்சிகோவில் மாநாடு கூடியது. பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை 1979ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 1985இல் நைரோபியிலும், 1995இல் பெய்ஜிங்கிலும் மாநாடுகள் நடந்தன. 2015இல் வகுக்கப் பெற்ற நிலைத்த வளர்ச்சிக் குறிக்கோள்கள் பதினேழில் ஐந்தாவது, ஆண் பெண் சமன்மை பற்றியது. கூலியில்லாத வீட்டு வேலையை மதிக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று.

இவ்வாவணங்களை இலக்கியத்தைப் போலவே வாசித்துப் பார்க்கலாம். சொற்கள் உள்ளத்தைக் காட்டிக் கொடுப்பன அன்றோ? வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் ஏழைப் பெண்ணுக்கு வழங்கும் பெயர் ‘பயனாளி’. பயன் பெறுபவள் என்பது அதன் பொருள். பயனை விளைவிப்பவள் என்னும் பொருள் அதில் எங்கேயும் இல்லை. ‘பெண்களுக்கு அதிகாரமளித்தல்’ என்னும் தொடரில், அளிப்பவர் ஒருவர் மேலே இருக்கிறார். ஏந்துபவள் கீழே இருக்கிறாள். வேங்கடத்தின் வாக்கிலும் இதே அமைப்புத்தான்: தந்தை தருவார், மகள் பெறுவாள். ஆக, நம் திரைப்படத்தின் குறையும் உலக அறிக்கைகளின் குறையும் ஒரே வேரில் கிளைத்தவை. அன்பு குறைந்ததனால் நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. வேங்கடத்துக்கு அன்பில்லையா? திட்டம் தீட்டுவோர்க்கு இரக்கமில்லையா? இரண்டும் இருந்தும், செய்பவளைப் பெறுபவளாகவே கண்டு பழகி விட்டனர்.

நல்லெண்ணத்தின் விளைவு கூட எதிர்பாராத இடத்தில் சுமையாகலாம் என்பதற்குக் காஞ்சியே சான்று. மூன்றாவது நாடாவை எறிந்த சிறுவர்களின் கொத்தடிமை நிலையை உலகறியச் செய்த ஆவணங்களுள் ஒன்று, மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை. பட்டுத் தொழிலில் உழலும் குழந்தைகளைப் பற்றிய அவ்வறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. குழந்தை தறியை விட்டுப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமேயில்லை. ஆனால் கோர்வைக்கு மூன்றாவது நாடா இன்னும் தேவையாக இருக்கிறதே! குழந்தை எழுந்து சென்ற இடத்தில் யார் அமர்வது? ஆள் வைத்துக் கூலி கொடுக்க இயலாத வீட்டில், அடுப்படியிலிருந்து மனைவி எழுந்து வந்து அமர வேண்டியதுதான். அடுப்படி வேலை குறைந்ததா என்றால் இல்லை. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஈடுபடும் ஆடவர் 97 நிமிடம் செலவிடுவதாகவும் கூறுகிறது. ஐந்து மணி நேர வேலையை முடித்து விட்டுத் தறியருகே அமரும் அப்பெண்ணும் ‘சும்மா’ இருப்பவள்தான்!

அண்மைக் காலத்தில் ஒரு சொல் மட்டும் சரியான திசையில் திரும்பியதை மகிழ்வோடு குறிப்பிட வேண்டும். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தை அன்றைய தமிழக அரசு தொடங்கி வைத்தது. குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய்; தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மேல் தகுதி பெற்றனர். உதவித் தொகை என்னாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டதே அதன் சிறப்பு. பெண்ணின் கூலியில்லா உழைப்புக்கு ஏற்பு அளிப்பதாகவும் அப்போது விளக்கம் தரப்பட்டது. ஆயினும் இங்கும் ஒரு வினா எழுகிறது. குடும்பத்தின் வருமானம் இவ்வளவுக்கு மிகலாகாது, நிலம் இவ்வளவுக்கு மிகலாகாது, மின்சாரம் இவ்வளவுக்கு மிகலாகாது என்னும் வரம்புகளோடு வந்த அத்தொகை உரிமையா, உதவியா? வீட்டு வேலைக்கான உரிமை என்றால், அது குடும்பத்தின் வருவாயைப் பொறுத்ததாக எப்படி இருக்கும்? தார் சுற்றியதற்கும் நாடா எறிந்ததற்கும் உரிய கூலிக்கு அது ஈடாகவும் முடியாது. சொல் முன்னே சென்று விட்டது. பொருள் இன்னும் அதனைப் பின்தொடர்ந்து வந்து சேர வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் வேலையைச் சட்டத்தால் எவ்வாறு அளக்க முடியும் என்று கேட்போர் உண்டு. முடியும் என்பதற்குச் சான்று நம் சமுதாயப் பெண்களின் கைகளிலேயே இருக்கிறது. நெல்லை மேலப்பாளையத்தில் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்து பீடி சுற்றி வருவதை நாமறிவோம். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் தொழிலாளர் என்றே வரையறுத்தது. முதலாளிகள் வழக்காடினர், 1974ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. அத்தொழிலால் உடலுக்கு நேரும் கேட்டையும், கூலிக் குறைவையும் இச்சட்டங்கள் போக்கி விட்டன என்று நான் கூறமாட்டேன். ஆனால் பீடி சுற்றும் பெண் ‘சும்மா’ இருப்பவள் என்று சட்டம் சொல்லவில்லை. அவளுக்குத் தொழிலாளி என்னும் பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்ததால் கேட்பதற்கு ஓர் இடமும் கிடைத்தது.

அதே மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்துப் பத்தமடையில், கோரையைப் பட்டுப் போல் மெல்லியதாகக் கிழித்துப் பாய் நெய்யும் முஸ்லிம் குடும்பங்களின் புகழ் கடல் கடந்து பரவியது. பாயின் பெயர் உலகுக்குத் தெரியும்; அதனை நெய்த தாய்மார்களின் பெயர் தெரியுமா? காஞ்சியின் குறையைச் சொல்லும் நாம் நமது முற்றத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டில் எலா பட் தலைமையில் அமைந்த தேசியக் குழு ‘சிரமசக்தி’ என்னும் அறிக்கையில் இத்தகைய பெண்களின் நிலையை விரிவாக எழுதியது. வீட்டிலிருந்து வேலை செய்வோர்க்குப் பிற தொழிலாளர்க்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று 1996ஆம் ஆண்டில் உலகத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. பாயும் பட்டும் பீடியும் ஒரே வழக்கின் வாதிகள். அவ்வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பெண்ணைச் செய்பவளாகக் காட்டும் இலக்கியமே இல்லையா என்னும் வினாவுக்கு, உண்டு என்று பெருமையோடு விடை சொல்லலாம். வங்கத்து முஸ்லிம் பெருமாட்டி ரொக்கையா சகாவத் உசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த பெண்கள் ஏடு என்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது. அக்கதையில் பெண்கள் கதிரவன் ஒளியை ஆற்றலாக்குகிறார்கள்; நாட்டை ஆள்கிறார்கள். எவரும் அவர்களுக்கு அதிகாரம் அளிக்கவில்லை. அறிவினால் அவர்களே அதனை ஆக்கிக் கொள்கிறார்கள். 1938ஆம் ஆண்டில் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை எழுதினார், டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். பெண் பேனா பிடிப்பதையே குற்றமெனக் கருதிய காலத்தில் அவர் பிடித்தார். 2004இல் வெளிவந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நம் வீடுகளின் உள்ளறைகளைத் திறந்து காட்டியது. அதனை விரும்பியோரும் உண்டு, சினந்தோரும் உண்டு. ஆனால் அவ்வறைகளில் இருப்போர் எண்ணவும் விரும்பவும் வெறுக்கவும் தெரிந்த மாந்தர் என்பதை அந்நூலைப் படித்த எவரும் மறுக்க முடியாது. தாமரையிடம் எவரும் கேளாத வினாக்களை இவ்வெழுத்தாளர்கள் கேட்டார்கள். ‘காஞ்சீவர’த்தில் நான் தேடிக் காணாததை இவர்களிடம் கண்டேன்.

இறுதியாக, நம்மவர்க்கென ஒரு சொல். பெண்ணுரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றபோது, எந்தச் சமுதாயத்தின் தனிப்பட்ட நெறிமுறைகளிலும் அச்சமுதாயத்தின் முன்முயற்சியும் இசைவும் இன்றித் தலையிடுவதில்லை என்னும் அறிவிப்போடு ஏற்றது. இவ்வறிவிப்பை நமக்குக் கிடைத்த பாதுகாப்பு என்று கொண்டாடினோர் பலர். நல்லது. ஆனால் அதிலுள்ள ‘முன்முயற்சி’ என்னும் சொல் யாரை நோக்கியது? நம்மை நோக்கியது அன்றோ?

பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு. ஆண்கள் ஈட்டியது ஆண்களுக்கு, பெண்கள் ஈட்டியது பெண்களுக்கு என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் ஐயத்துக்கிடமின்றி வகுத்தளிக்கிறது. மெக்சிகோவும் பெய்ஜிங்கும் பேசுவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெண்ணின் ஈட்டத்துக்குத் தனிக் கணக்கு எழுதியது நம் நெறி. இந்நாட்டின் சட்டமும் அதற்கு இடம் தந்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அவ்விலக்கையும் நீக்கியது. எனவே தமிழகத்தில் நம் பெண் மக்களுக்கு வீட்டிலும் பங்குண்டு, வயலிலும் பங்குண்டு. சட்டத்தில் குறையில்லை, மார்க்கத்தில் குறையில்லை. அப்படியிருக்க, ‘திருமணத்தின்போதே செய்ததெல்லாம் போதாதா?’ என்று கூறித் தங்கையிடம் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் நம் ஊர்களில் இல்லையா? மஹரை ஏட்டளவில் எழுதி விட்டுக் கைக்கூலியை எண்ணி வாங்கும் வீடுகள் இல்லையா? கேட்டால் உறவு முறிந்து விடுமோ என்று அஞ்சித் தம் பங்கைக் கேளாமலே கண்மூடிய அத்தைமார் எத்தனை பேர்! பங்கு மறுக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணத்தை ஊன்றிக் கவனித்தால், அதன் அடியில் ‘அவள் என்ன சம்பாதித்தாள்? வீட்டில் சும்மாத்தானே இருந்தாள்’ என்னும் எண்ணம் ஒளிந்திருக்கக் காணலாம்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் நடத்தியவர்கள். நபி பெருமானார் (ஸல்) அவர்களையே தம் வணிகப் பொறுப்பில் அமர்த்தியவர்கள் என்பதை நம் குழந்தைகளும் அறியும். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களைப் பற்றி அத்துணைப் பேர் அறிவதில்லை. தம் கையால் தோல் பதனிட்டும் கைவினை செய்தும் ஈட்டியதை ஏழைகளுக்கு வழங்கியவர்கள் அவர்கள். தம் துணைவியருள் மிக நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். துணைவியர் தம் கைகளை அளந்து பார்த்தார்கள். ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோதுதான், நீண்ட கை என்பது உழைத்து ஈந்த கை என்னும் உண்மை அவர்களுக்கு விளங்கிற்று. உழைக்கும் பெண்ணின் கையை அளக்க இதனினும் சிறந்த அளவுகோலை எந்த மாநாடு தரும்?

சின்ன காஞ்சிபுரத்துத் திண்ணைக்கு மீண்டும் வருவோம். அங்கே செய்ய வேண்டியது இன்னதென்று கூறப் பெரிய அறிவு தேவையில்லை. சேலைக்குரிய கூலிச் சீட்டில் தறிக்காரர் பெயருக்குக் கீழே துணைக்கை ஒன்றின் பெயரும், அதற்குரிய தொகையும் எழுதப்பட வேண்டும். கூட்டுறவுச் சங்க ஏட்டில் மனைவியின் பெயரும் ஏற வேண்டும். முதுமையில் கிடைக்கும் ஓய்வூதியத்துக்கு அவளும் உரியவளாக வேண்டும். நெசவாளரைப் பற்றி இனிக் கதை எழுதுவோரும் படம் எடுப்போரும், மூன்றாவது நாடாவை எறிந்தது யார் என்று ஒரு முறையேனும் கேட்டு விட்டு எழுத வேண்டும்.

காஞ்சிக்குச் செல்லும் முன் நம் வீட்டிலேயே தொடங்கலாம். இன்றிரவு உணவுக்கு அமரும்போது, விடிந்தது முதல் இதுவரை தாய் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதும்படி பிள்ளைகளிடம் கூறுங்கள். எழுதி முடித்த பின், ‘அம்மா என்ன வேலை செய்கிறார்?’ என்று யாரேனும் கேட்டால், ‘சும்மாத்தான் இருக்கிறார்’ என்று விடை சொல்ல அப்பிள்ளைகளுக்கு நாவெழாது.